பனிமலைக்குப் போகும் கால்களுக்கு எந்தக் காலணி?

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாய் வாழ்ந்து பழகிய மலேசியர்களுக்குப் பனி என்பது ஒரு காலத்தில் திரைப்படப் பாடல் காட்சிகளில் மட்டுமே பார்த்து மகிழ்ந்த ஒன்று. இன்று நிலைமை அப்படியில்லை. மலிவுக் கட்டண விமானச் சேவைகள் வந்த பிறகு, ஆண்டிறுதியில் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் குடும்பத்தோடு கிளம்புவோர் பலர். பனிப்பொம்மை செய்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர் ஒரு பக்கம். ஜேஜூ தீவின் ஹல்லாசான் மலையில் ஏற வேண்டும், எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து பார்க்க வேண்டும் என்று துணிவோர் இன்னொரு பக்கம். 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் கால் பதித்த முதல் மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாசும் என்பதை எண்ணும்போது, இந்த ஆசை நம் பிள்ளைகளுக்கு வருவதில் வியப்பில்லை.

பயணச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம், காலணி வாங்கும்போது மட்டும் என்ன செய்கிறோம்? தடிப்பாக இருக்கிறதா, உள்ளே பஞ்சு இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுகிறோம். அது போதுமா? இந்தக் கேள்வியைத்தான் இவ்வாரத் தொலைக்காட்சி அரங்கம் எடுத்துக்கொண்டது. மலையேறும் குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி ஒருவரும், பொது மருத்துவர் ஒருவரும், மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடைக்காரர் ஒருவரும் விளக்கம் அளித்தனர். மூவரும் மூன்று துறையினர். ஆனாலும், அவர்கள் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: எந்தக் காலணியும் சூட்டை உண்டாக்குவதில்லை. காலில் இருக்கும் சூட்டைக் காப்பது மட்டுமே அதன் வேலை.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஃபிளாஸ்க்கில் சூடான காப்பியை ஊற்றினால் அது சூடாகவே இருக்கும். ஆறிய காப்பியை ஊற்றினால் ஆறியபடியேதான் இருக்கும். காலணியும் அப்படித்தான் என்றார் மருத்துவர்.

நம் பாதத்துக்குச் சூட்டைக் கொண்டுவருவது இரத்தம். குளிர் மிகும்போது, இதயம், நுரையீரல், மூளை போன்ற முக்கிய உறுப்புகளைக் காப்பதற்காக உடல் தானாகவே கைகால் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல்களுக்கு இரத்தம் குறைந்தால் சூடும் குறையும். அந்த நேரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பூட்ஸ் அணிந்திருந்தாலும் பயனில்லை. பாதம் குளிர்ந்தால் முதலில் தலையையும் உடம்பையும் மூட வேண்டும். வயிற்றுக்குச் சாப்பிட வேண்டும். நின்றுகொண்டிருக்காமல் நடக்க வேண்டும். புகைப்பிடிப்பவர்களுக்கு இந்தக் குழாய்கள் இன்னும் சுருங்கும். மது குடித்தால் சூடாவதுபோல் தோன்றினாலும், உண்மையில் உடலின் சூடு தோல் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும்.

இறுக்கமே முதல் எதிரி

நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, வழக்கமாக அணியும் அளவிலேயே குளிர்காலக் காலணியை வாங்குவது. இரண்டாவது தவறு, குளிருக்குப் பயந்து அதற்குள் இரண்டு மூன்று காலுறைகளைப் போடுவது.

காலைச் சூடாக வைத்திருப்பது கம்பளியின் கனம் மட்டுமல்ல; கம்பளி இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான். இறுக்கிப் பிடித்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும். இரத்த ஓட்டமும் தடைபடும். ஆக, மூன்று காலுறை போட்டவரின் கால் ஒரு காலுறை போட்டவரின் காலைவிட அதிகமாகக் குளிரும். கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் பனியில் நடப்பதென்னவோ அதுதான்.

கடையில் காலணியைப் போட்டுப் பார்க்கும் முறையைக் கடைக்காரர் விளக்கினார். மாலை நேரத்தில் போக வேண்டும். அப்போது பாதம் சற்று வீங்கி, மலையில் இருக்கப்போகும் அளவில் இருக்கும். பனியில் அணியப்போகும் அதே தடித்த கம்பளிக் காலுறையை எடுத்துச் செல்ல வேண்டும். கயிற்றைக் கட்டிய பிறகு பெருவிரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். விரல்கள் ஐந்தையும் தாராளமாக அசைக்க வரவேண்டும். அதே வேளையில், நடக்கும்போது குதிகால் மேலே தூக்கக்கூடாது. கடையில் சாய்தளம் இருந்தால் கீழ்நோக்கி நடந்து பார்க்க வேண்டும்; இறங்கும்போது விரல்கள் முன்பக்கம் மோதினால் அந்தச் சோடி வேண்டாம். பெரும்பாலோருக்கு வழக்கமான அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரியது பொருந்தும்.

பார்வையாளர்களில் இருந்த ஒரு தாயார், “தம்பி, என் மகன் டிசம்பர்ல கொரியா போறான். அவன் வரமாட்டேங்கிறான், நானே சைஸ் சொல்லி வாங்கிக்கலாமா?” என்று கேட்டார். “அம்மா, சட்டைன்னா சரி, வாங்கிடலாம். இந்தச் சப்பாத்து மட்டும் அவரே வந்து போட்டுப் பாக்கணும்” என்றார் கடைக்காரர். அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனாலும் அது சரியான பதில்.

இரண்டாவது எதிரி ஈரம்

இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பனியிலும் ஏற்றத்தில் நடந்தால் கால் வியர்க்கும். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்திவிடும். நனைந்த காலுறையோடு நிற்பது, காலைக் குளிர்ந்த நீரில் வைத்திருப்பதற்குச் சமம்.

இதற்குப் பெரிய சான்று எவரெஸ்ட்டிலேயே இருக்கிறது. 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் காலை, உச்சிக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் எட்மண்ட் ஹில்லரியின் காலணிகள் கல்லைப்போல உறைந்து கிடந்தன. இரவில் கழற்றி வைத்திருந்தார். உள்ளே இருந்த ஈரம் பனிக்கட்டியாகிவிட்டது. அடுப்பில் காட்டி இரண்டு மணி நேரம் இளக்கிய பிறகுதான் அவரும் டென்சிங்கும் புறப்பட முடிந்தது. உலகின் உச்சியைத் தொடவிருந்தவரையே ஈரம் இரண்டு மணி நேரம் காக்க வைத்தது என்றால், நம்மைப் போன்றவர்கள் எம்மாத்திரம்?

ஈரம் இரண்டு வழிகளில் வரும். வெளியிலிருந்து வரும் பனிநீரைத் தடுக்க, தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு வைத்த காலணிகள் கிடைக்கின்றன. கோர்டெக்ஸ் என்பது அவற்றுள் பலரும் அறிந்த பெயர். நீர்த்துளி உள்ளே வராது. வியர்வை ஆவியாக வெளியேறும். காலணியின் மேல்வாய் வழியாகப் பனி நுழையாமலிருக்கக் கணுக்காலுக்கு மேலே கட்டும் உறை ஒன்று உண்டு. முழங்கால் அளவு பனியில் நடப்பவர்களுக்கு அது கட்டாயம் தேவை.

உள்ளிருந்து வரும் வியர்வைக்குக் காலுறைதான் மருந்து. பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். பனிக்கு அது ஆகவே ஆகாது. மெரினோ ஆட்டின் கம்பளி, ஓரளவு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் சூட்டைக் காக்கும். ஒரு சோடியைக் காலில் போட்டு, இன்னொரு காய்ந்த சோடியைப் பையில் வைத்திருப்பது நல்லது. ஏற்றம் முடிந்து ஓய்வெடுக்கும் இடத்தில் மாற்றிக்கொண்டால், அடுத்த சில மணி நேரம் கவலையில்லை.

அடித்தட்டில் இருக்கிறது சூட்சுமம்

கனத்த மேல்தோலைத் தடவிப் பார்ப்பவர்கள் காலணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. நிற்கும்போது சூடு அதிகமாக இறங்குவது பனித் தரைக்குள்தான். அடித்தட்டு தடிப்பாக இருக்க வேண்டும். உள்ளே போடும் பாதத்தட்டு கம்பளியிலோ ஃபெல்ட்டிலோ இருந்தால் இன்னும் நல்லது.

அடித்தட்டின் இன்னொரு வேலை வழுக்காமல் பிடிப்பது. 1935ஆம் ஆண்டு இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். பாறையில் ஏறுவதற்கான மெல்லிய காலணிகளோடு இருந்தவர்களைப் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அந்தக் குழுவில் இருந்து உயிர் பிழைத்த விட்டாலே பிரமானி என்பவர், நண்பர்களின் மரணத்துக்குத் தகுதியற்ற காலணியும் ஒரு காரணம் என்று உணர்ந்தார். பனியிலும் பாறையிலும் ஒருசேரப் பிடிக்கும், ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடித்தட்டை 1937இல் உருவாக்கினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வந்ததே விப்ரம் என்ற பெயர். இன்று உலகம் முழுவதும் மலைக் காலணிகளின் அடியில் அந்த மஞ்சள் முத்திரையைக் காணலாம்.

ஆனால், இறுகிய பனிக்கட்டியில் எந்த ரப்பரும் தனியாக நிற்காது. காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முட்கள் தேவை. கொரிய மலைகளில் குளிர்காலத்தில் ஏறுவோர் அவற்றைக் கையோடு கொண்டு வருவது வழக்கம். காலணி வாங்கும்போதே அவை சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள்

குளிர்காலக் காலணிகளில் 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது காலணியின் எடையன்று. உள்ளே வைத்துத் தைத்திருக்கும் சூடு காக்கும் அடுக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். நடந்துகொண்டே இருப்பவருக்கு 200 கிராம் பெரும்பாலும் போதும். கடுங்குளிரில் மெதுவாக நடப்பவருக்கு 400. ஒரே இடத்தில் நிற்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும்தான் 800. அதிக எண் நல்லது என்று நினைத்து 800ஐ வாங்கி மலையேறினால், கால் வியர்த்துக் கொட்டும். பிறகு அந்த வியர்வையே குளிராக மாறும்.

‘மைனஸ் 30 பாகை வரை தாங்கும்’ என்ற வாசகத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதைக் கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒருவர் நடக்கிறாரா, நிற்கிறாரா, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அதே காலணி போதும், போதாது என்றாகிவிடும்.

எந்தப் பயணத்துக்கு எது?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும் என்றார் வழிகாட்டி.

நம் நாட்டின் கினபாலு மலை 4,095 மீட்டர் உயரம். விடியற்காலையில் உச்சியில் குளிர் உறைநிலையைத் தொடும். ஆனால் அங்கே முக்கியத் தொல்லை மழையும் ஈரப் பாறையும்தான். நல்ல பிடிப்புள்ள சாதாரண மலைக் காலணியே போதும். அங்குள்ள வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் ‘கம்போங் அடிடாஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் சப்பாத்தோடு ஏறுவதைப் பார்க்கலாம். சேற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதே ரப்பர் சப்பாத்தை நம்பிப் பனிக்குப் போகக்கூடாது. அதில் சூட்டைக் காக்கும் அடுக்கும் இல்லை. வியர்வைக்கு வெளியேற வழியும் இல்லை.

ஹல்லாசான் 1,947 மீட்டர். தென்கொரியாவின் மிக உயர்ந்த மலை. ஜேஜூ கடற்கரையில் குளிர்காலப் பகலில் 5 பாகை என்றால், உச்சியில் மைனஸ் 7 அல்லது 8 இருக்கும். காற்று அடித்தால் இன்னும் கடுமையாகத் தோன்றும். சொங்பனாக் பாதையில் உச்சி வரை 9.6 கிலோமீட்டர், திரும்பி வர அதே தூரம். நாள் முழுவதும் பனியில் நடை. நீர் புகாத, கணுக்காலை மூடும், 200 கிராம் அடுக்குள்ள காலணியும் இரும்பு முட்களும் இங்கே பொருத்தம். பேரங்காடியில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் மென்மயிர் வைத்த பனிக்காலணிகள் நகரத் தெருவில் நடக்க மட்டுமே ஏற்றவை. கணுக்காலுக்குப் பிடிப்பில்லாத அவற்றோடு மலையேறக்கூடாது.

எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெரும்பாலோர் செல்லும் மார்ச் முதல் மே வரையிலும், அக்டோபர், நவம்பரிலும் பகல் நடைக்கு நீர் புகாத மலைக் காலணியும் கம்பளிக் காலுறையும் போதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவதானால் சூடு காக்கும் அடுக்குள்ள காலணி வேண்டும். காத்மண்டுவின் தாமெல் கடைவீதியில் மலிவாகக் கிடைக்குமே என்று காத்திருப்பவர்கள் உண்டு. கையுறையும் தொப்பியும் அங்கே வாங்கலாம். காலணியை அங்கே வாங்குவது ஆபத்து. போலிச் சரக்குகள் அங்கு அதிகம் என்பது ஒரு காரணம். புதுக் காலணியோடு மறுநாளே மலையேறினால் கொப்புளம் நிச்சயம் என்பது இன்னொன்று.

அலமாரியில் காத்திருக்கும் ஆபத்து

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைக் கடைக்காரர் எடுத்துச் சொன்னபோது பலர் நிமிர்ந்து உட்கார்ந்தனர். அண்ணன் எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கி ஒரே ஒருமுறை அணிந்த பூட்ஸ். பெட்டியில் புதிதுபோலவே இருக்கிறது. தம்பி எடுத்துக்கொண்டு போகிறார். மலையில் இரண்டாவது மணி நேரத்தில் அடித்தட்டு முழுவதும் வாய் பிளந்து கழன்று வருகிறது.

காரணம் இதுதான். பல காலணிகளில் தோலுக்கும் ரப்பர் அடித்தட்டுக்கும் நடுவே பாலியூரித்தேன் என்னும் நுரை மெத்தை இருக்கும். காற்றின் ஈரப்பதம் அதற்குள் புகுந்து அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெப்பமும் ஈரமும் மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இது விரைவாக நடக்கும். அணியாமல் பூட்டி வைத்தாலும் நடக்கும். பண்டல் கடையில் வாங்கும் பழைய காலணிகளுக்கும் இதே கதிதான்.

பழைய காலணியை எடுப்பவர்கள் நடு மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பொடிந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, மாவுபோல ஒட்டினாலோ அது குப்பைக்கு. நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், பயணத்துக்கு முன் வீட்டருகே இரண்டு மூன்று மணி நேரம் போட்டு நடக்க வேண்டும். அடித்தட்டு கழல்வதானால் தாமானிலேயே கழலட்டும். பனியில் கழன்றால் வீடு திரும்புவதே கேள்விக்குறி.

“சிலிப்பர் கழன்றது தெரியாமல் நடந்ததுண்டா?”

தைப்பிங்கிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் எழுந்தார். “டாக்டர், எனக்கு வயசு 61. பதினஞ்சு வருஷமா இனிப்புநீர் இருக்கு. அண்ணன் பிள்ளைங்க எவரெஸ்ட் அடிவாரத்துக்குக் கூப்பிடுறாங்க. நல்ல பூட்ஸ் போட்டா போகலாந்தானே?”

“ஐயா, பூட்ஸை அப்புறம் பார்ப்போம். வீட்டுல நடக்கும்போது சிலிப்பர் காலிலிருந்து கழன்றது தெரியாம நடந்ததுண்டா?”

அவர் சற்றுத் தயங்கினார். “ரெண்டு மூணு தடவை நடந்திருக்கு. வீட்டுக்காரம்மாதான் பார்த்துச் சொன்னாங்க.”

அரங்கு அமைதியானது. நீண்ட நாள் நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போவதன் அடையாளம் அது என்று மருத்துவர் விளக்கினார். குளிர்ந்தால் கால் வலிக்கும். அந்த வலிதான் நம்மைக் காப்பாற்றும் எச்சரிக்கை மணி. மரத்த காலில் அந்த மணி ஒலிக்காது. விரல் உறையத் தொடங்கினாலும் தெரியாது. சூடேற்றும் பொட்டலத்தைக் காலணிக்குள் வைத்துத் தோல் வெந்தாலும் தெரியாது. இனிப்புநீர் உள்ள காலில் ஒரு சிறு கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கும் எளிய பரிசோதனை கிளினிக்குகளில் உண்டு. பயணத்துக்கு முன்பதிவு செய்வதற்கு முன்னால் அதைச் செய்துகொள்ள வேண்டும். “ஐயா, மலையைப் பார்க்காதீங்கன்னு நான் சொல்லல. உங்க கால் சொல்லாததை உங்க கண்தான் பார்க்கணும். முதல்ல வந்து காலைக் காட்டுங்க. எவ்வளவு உயரம் போகலாம், எந்த மாதம் போகலாம்னு பிறகு முடிவு பண்ணலாம்” என்றார் மருத்துவர். பெரியவர் தலையசைத்து அமர்ந்தார்.

உறைபுண்ணின் அடையாளங்கள்

விரல் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். வலி நின்றுவிட்டது என்று மகிழ்வதுதான் பெரும் தவறு. தோல் வெளுத்து அல்லது சாம்பல் நிறமாகி, மெழுகுபோலத் தெரிந்தால் உறைபுண் தொடங்கிவிட்டது என்று பொருள். பனியை வைத்துத் தேய்க்கக்கூடாது. நெருப்பருகே நீட்டக்கூடாது, மரத்த தோல் வெந்துவிடும். காற்றில்லாத இடத்துக்குப் போய் ஈரக் காலுறையைக் கழற்ற வேண்டும். மீண்டும் உறையும் வாய்ப்பில்லாத இடத்தை அடைந்த பிறகே, 37 முதல் 39 பாகை வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் காலை வைக்க வேண்டும். பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வாங்கிய பிறகும் வேலை உண்டு

பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே காலணியை வாங்கிவிட வேண்டும். நம் வெயிலில் அதைப் போட்டு நெடுந்தூரம் நடக்க முடியாதுதான். குளிர்சாதன அறையிலும், அடுக்குமாடிப் படிக்கட்டில் அதிகாலையிலும் நடந்து பழக்கலாம். விமானத்தில் ஏறும்போது காலிலேயே அணிந்துகொள்வது பாதுகாப்பு. பெட்டி தொலைந்தால் சட்டை கடன் வாங்கலாம். கால் பழகிய காலணியைக் கடன் வாங்க முடியாது.

நனைந்த காலணியை அடுப்பருகிலோ ஹீட்டர்மேலோ வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும். பாதத்தட்டை வெளியே எடுத்து, உள்ளே பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். இரவில் கூடாரத்துக்கு வெளியே விடக்கூடாது.

கடைக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: விரலுக்கு இடம், காலுக்கு ஈரமின்மை, பாதத்துக்குக் கீழே தடிப்பு. இந்த மூன்றும் பொருந்திய பிறகு விலையைப் பார்க்கலாம். நிறத்தைக் கடைசியில் பார்த்தாலும் குறையில்லை.